ரெண்டு மணி போட்டோ

பொறுப்பு பொறுப்புன்னு வாய் நெறையச் சொல்லி ஒருத்தி தலையில கட்டுறானுவளே, அவனுவளைத்தான் மொதல்ல சொல்லணும். கூலியை ஏத்தித் தரேன்னு ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். "உனக்கென்னம்மா, படிச்ச பொண்ணு, நாலு பேருக்கு மேல இருக்கலாம்"பானுவ. சுகன்யாவை அப்படித்தான் இழுத்து வுட்டாங்க. அவ கதையைத்தான் சொல்லப் போறேன். எனக்கும் அவளுக்கும் ஆவாது. அதையும் இப்பவே சொல்லிப்புடுறேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.

என் பேரு பெரியம்மாள். பெரம்பலூர்லேருந்து அரியலூர் போற ரோட்டுல எறங்கி, உள்ள மூணு கிலோமீட்டர் வந்தா எங்க ஊரு. சுகன்யா எனக்கு மருமவ மொற. என் ஓரகத்தி மவன் அஜித்குமார் கட்டிக்கிட்டு வந்தவ. அவளுக்குப் பொறந்த வூடு கீழப்பழுவூர்ப் பக்கம். பன்னெண்டாப்பு பாஸு. அஜித்குமார் அரியலூர்ல சிமெண்ட் பேக்டரிக்கு சுண்ணாம்புக்கல்லு ஏத்துற டிப்பர் லாரி ஓட்டுறான். வாரத்துல ரெண்டு நாளு வூட்டுல படுத்தான்னா அதிகம்.

எங்களுக்குள்ள சண்டை எதுக்குன்னா, தண்ணிக்கு. அவ கல்யாணமாகி வந்ததும் அவனுக்குப் பாத்ரூம் கட்டுற ஆசை வந்துடுச்சு. கட்டுனான். தண்ணி போற குழாயை என் வாசப் பக்கமா திருப்பி வுட்டுட்டான். சோப்பு நொரை என் வாசல்ல வந்து நிக்கும். நான் போயி கத்துனேன். அவன் கத்துனான். இவ உள்ளேருந்து வந்து, "அத்தே, அடுத்த மாசம் பள்ளம் தோண்டி வுட்டுடுறோம்"னா. எந்த அடுத்த மாசம்? ரெண்டு வருசம் ஆச்சு. அவ வூட்டுக்குப் பால் பொங்குனாலும் நான் போவல, என் மவ கல்யாணத்துக்கு அவ வந்து ஒரு ஓரமா நின்னுட்டு சாப்புடாம போனா. அப்படித்தான் இருந்தோம்.

நூறு நாள் வேலைக்கு ரெண்டு பேரும்தான் போவோம். ஊருல பொம்பளைங்க எல்லாருந்தான். புடவை மேல ஆம்பளை சட்டையை மாட்டிக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, மம்புட்டியும் கூடையுமா ஏரிக்குப் போனா மூஞ்சியைப் பாத்து யாரு யாருன்னு சொல்ல முடியாது. சுகன்யா அதிகம் பேச மாட்டா. வெட்டுவா, கொட்டுவா, ஓரமா ஒக்காந்து சோறு திம்பா. வேலையில குத்தம் சொல்ல முடியாது. அந்தக் கோவமும் எனக்கு இருந்துச்சு.

அப்பதான் ஊராட்சி கிளார்க்கு இளவரசன் வந்தான். பைக்கைக் கரையில நிறுத்திட்டு, கால்ல மண்ணு படாம நின்னுக்கிட்டு, "சுகன்யா, இங்க வாம்மா"ன்னான். முந்தி இருந்த பொறுப்பாளர் பொண்ணு புள்ளத்தாச்சி, அம்மா வூட்டுக்குப் போயிட்டா. அந்த வேலையை இவளைப் பாக்கச் சொன்னான்.

"என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் இல்லம்மா. காலையில கயிறு போட்டு ஆளுக்கு இத்தனை அடின்னு அளந்து வுடணும். வந்தவங்க பேரைக் குறிக்கணும். போன்ல ஆப் ஏத்தித் தரேன். அதுல காலையில ஒரு போட்டோ, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

"கூலி சார்?"

"எல்லாருக்கும் என்னவோ அதான். ஆனா நீ மம்புட்டி புடிக்க வேணாம்ல? அங்கன்வாடிக்கு மனு போட்டிருக்கியாமே. ஒரு வருசம் நல்லா பாத்தேன்னு வையி, நானே எழுதித் தரேன். படிச்ச பொண்ணு, நாலு பேருக்கு மேல இருக்கலாம்."

அங்கன்வாடின்னு சொன்னதும் அவ மூஞ்சி மாறுனதை நான் பாத்தேன். அவளுக்கு அதான் ஆசை. புள்ளைங்களுக்கு அ ஆ சொல்லிக் குடுக்குற வேலை, ஒரு நாற்காலி, மாசம் பொறந்தா சம்பளம். ரெண்டு தடவை மனு போட்டு ஒண்ணும் நடக்கல. இந்தப் பய எழுதித் தர்ற தாளுல அந்த நாற்காலி கெடைச்சுடும்னு நம்பிட்டா. சரின்னுட்டா.

அன்னிக்கு சாயந்தரம் அஜித்குமார் வூட்டுல போட்ட சத்தம் என் வூட்டுக்குக் கேட்டுச்சு. "கூலி ஒண்ணு, திட்டு நாப்பதா? உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"ன்னான். அவன் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா நானு வாசல்ல ஒக்காந்து, நல்லா வாங்கட்டும்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

மறுநாளே ஆரம்பிச்சாச்சு. நேத்து வரைக்கும் நம்ம கூட மண்ணு தூக்குனவ இன்னிக்குக் கயிறைப் புடிச்சுக்கிட்டு நம்மள அளக்குறா. யாருக்குப் பொறுக்கும்? எங்க ஏரியில ஒரு பக்கம் பூ மாதிரி மண்ணு, வெட்டுனா வந்துடும். இன்னொரு பக்கம் முழுக்க சுக்காங்கல்லு, மம்புட்டி போட்டா கை அதிரும். மொத நாளே எனக்கு சுக்காங்கல்லுல அளந்து வுட்டா.

"ஏன்டி, வேணும்னே பண்றியா?"ன்னேன். ரெண்டு வருசத்துல நான் அவ கிட்ட பேசுன மொத வார்த்தை அதுதான்.

"வரிசையா வருதுங்க அத்தே. நாளைக்கு உங்களுக்கு அந்தப் பக்கம் வரும்."

"முத்தாயிக்கு மட்டும் தெனம் நல்ல மண்ணா வருதே, அது எந்த வரிசை?"

முத்தாயி எங்க கூட்டத்துலயே வயசானவ. அறுவது தாண்டிடுச்சு. மூச்சு வாங்கும். பத்து கூடை தூக்குறதுக்குள்ள நாலு தடவை ஒக்காந்து வெத்தலை போடுவா. சுகன்யா என்னைப் பாத்து, "அவங்களால முடியாதுங்க அத்தே. உங்களால முடியும்"னா. மெதுவாத்தான் சொன்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அந்த வாரமே இன்னொண்ணு நடந்துச்சு. அவளுக்கு அந்த ஆப் புதுசு. பேரைக் குறிக்கையில என் பேரை வுட்டுட்டா. அன்னிக்கு நாள் முழுக்க சுக்காங்கல்லுல செத்து வேலை பாத்தேன், எனக்கு ஆளு வரலைன்னு போயிடுச்சு. கேட்டா, "தெரியாம வுட்டுப் போச்சுங்க அத்தே, கிளார்க்கு சாருகிட்ட சொல்லியிருக்கேன்"ங்குறா. கிளார்க்கைக் கேட்டா, "ஏத்துனது ஏத்துனதுதான்மா, மாத்த முடியாது"ங்குறான். நான் வுடுவேனா? கரையில நின்னு அவ குலம் கோத்திரம் எல்லாத்தையும் இழுத்துத் திட்டுனேன். நாப்பது பொம்பளைங்க வேடிக்கை பாத்தாளுவ. ஒருத்தியும் வேணாம்னு சொல்லல. எல்லாருக்கும் உள்ளுக்குள்ள சந்தோசந்தான்.

அதுக்கப்புறம் நான் ஒண்ணு பண்ணுனேன். என் மவ வாங்கிக் குடுத்த போன் எங்கிட்ட இருந்துச்சு. காலையில எல்லாரும் வரிசையா நிப்போம், சுகன்யா அவ போன்ல போட்டோ எடுப்பா. எடுத்து முடிச்சதும் நான் வரிசையிலேருந்து போயி என் போனை நீட்டுவேன்.

"என் போன்லயும் ஒண்ணு எடு."

"எதுக்குங்க அத்தே?"

"எதுக்கும் இருக்கட்டும்."

நான் வந்து நின்னதுக்கு சாட்சி. மறுபடி என் பேரை வுட்டா, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் எடுத்துக்கிட்டுப் போவலாம்ல? அவ வாங்கி, நான் ஓடிப்போயி எடத்துல நிக்கிற வரைக்கும் காத்திருந்து, எடுத்துக் குடுப்பா. தெனம். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. அவளை வேவு பாக்க அவளையே போட்டோ எடுக்க வச்சேன். எம்புட்டு கொழுப்பு பாருங்க எனக்கு!

முத்தாயி எப்பவும் வரிசையில இடது ஓரமா நிப்பா. துண்டை சரி பண்ணிக்கிட்டு, "என் மூஞ்சி தெரியுதாடி?"ன்னு கேப்பா. "தெரியுதுங்க அத்தே, சிரிங்க"ன்னு சுகன்யா சொல்வா. பல்லு இல்லாத வாயால அவ சிரிப்பா. நாங்க அவளைக் கிண்டல் பண்ணுவோம், மாப்பிள்ளை வூட்டுக்கு அனுப்புற போட்டோவான்னு.

அப்படியே ஏழெட்டு மாசம் ஓடுச்சு. சுகன்யா கத்துக்கிட்டா. பேரு வுட்டுப் போறது நின்னுச்சு. ஆனா அவளுக்குத் திட்டு மட்டும் நிக்கல. அளவு கொறையுதுன்னு ஓவர்சியர் வந்து திட்டுவாரு. அளவைக் கூட்டுனா நாங்க திட்டுவோம். ஏரிக்குள்ள டவர் கெடைக்காது, போனைத் தூக்கிக்கிட்டு கரை மேல அங்கேயும் இங்கேயும் ஓடுவா. லேட்டா ஏறுனா கிளார்க்கு போன்ல கத்துவான். போனுக்கு ரீசார்ஜ் கூட அவ கைக்காசு. சாயந்தரம் நாங்க வூட்டுக்குப் போயி காலை நீட்டுவோம். அவ ஊராட்சி ஆபீசுக்குப் போயி எழுதிக்கிட்டு கெடப்பா. அதே கூலிதான்.

ஆவணி மாசம் ஒரு செவ்வாக்கெழமை. காலையில போட்டோ எடுத்தாச்சு, என் போன்லயும் எடுத்தாச்சு. பதினொரு மணி இருக்கும், முத்தாயி கூடையைக் கீழ வச்சுட்டு ஒக்காந்துட்டா. நெஞ்சு கரிக்குதுன்னா. வேர்த்து ஊத்துது. சுகன்யா ஓடிவந்து தண்ணி குடுத்து, ரோட்டுல போன ஒரு டி.வி.எஸ். வண்டிக்காரனை நிறுத்தி, பின்னால ஒருத்தியைப் புடிச்சுக்கச் சொல்லி வூட்டுக்கு அனுப்பி வச்சா. முத்தாயி மவன் மணிமாறனுக்கு போன் பண்ணி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன்னு சொன்னதும் அவதான். அவன் கார் புடிச்சுட்டு வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால ஏரிக்கு ஆளு வந்துச்சு, முத்தாயி போயிட்டான்னு.

சாவு சேதி காதுல வுழுந்தப்புறம் எங்க ஊருல மம்புட்டியைத் தொட மாட்டாங்க. அப்படியே போட்டுட்டு ஓடுனோம். காலையில கூட நின்னவ. போயி வுழுந்து கட்டிப் புடிச்சு அழுதோம். சுகன்யா தலைமாட்டுல ஒக்காந்து அழுதா. நானும்தான் அழுதேன், சும்மா இல்ல, நெசமா.

ரெண்டு மணி தாண்டி ஏதோ ஒருத்திக்கு ஞாபகம் வந்துச்சு. "ஏடி, ரெண்டாவது போட்டோ?"

அந்தப் போட்டோ ஏறலைன்னா அன்னிக்கு நாப்பது பேருக்கும் நாள் கெடையாது. வெயில்ல அஞ்சு மணி நேரம் வெட்டுனது அம்புட்டும் வீண். திரும்பி ஏரிக்குப் போயி வரிசையில நிக்கலாம்னா, பொணம் வூட்டுல கெடக்குது, தொட்டு அழுத ஒடம்போட நாப்பது பேரு கெளம்பிப் போயி போட்டோவுக்கு நின்னுட்டு வந்தா ஊரு காறித் துப்பாது? பொணத்தை எடுக்கறதுக்கு முன்னால பொம்பளைங்க சாவு வூட்டை வுட்டுப் போவக் கூடாது. சுகன்யா தெருவோரமா வந்து கிளார்க்குக்கு போன் பண்ணுனா. நான் பக்கத்துலயே நின்னேன். அவன் பேசுனது எனக்கும் கேட்டுச்சு. "எதாச்சும் பண்ணி ஏத்திடு சுகன்யா. சைபர் வந்துச்சுன்னா மேலேருந்து என்னைத் திட்டுவாங்க." வச்சுட்டான்.

நான்தான் சொன்னேன். ஆமா, நான்தான். "காலையில எடுத்தது என் போன்ல இருக்குல்ல? நான் புடிச்சுக்கிறேன். எடுத்து வச்ச போட்டோ ஆப்ல ஏறாது, உன் போனால அதையே புதுசா ஒரு போட்டோ எடுத்து ஏத்திடு."

"வேணாங்க அத்தே. நாளைக்கு யாராச்சும் கேட்டா என் தலைதான் உருளும்."

"யாரு கேக்கப் போறா? கேட்டா நாங்க இல்லையா? நாப்பது பேரும் சொல்றோம், இது மாதிரி சாவு, நாங்கதான் எடுக்கச் சொன்னோம்னு. நான் சொல்றேன்டி."

சுத்தி நின்னவளுவ எல்லாரும், "ஆமா சுகன்யா, நாங்க சொல்றோம்"னாளுவ. நாலஞ்சு பேரு அவ கையைப் புடிச்சுக்கிட்டாளுவ.

கடைசியில சரின்னா. முத்தாயி வூட்டுப் பின்பக்கம், வைக்கப்போர் நெழல்ல, நான் என் போனை ரெண்டு கையால புடிச்சுக்கிட்டேன். அவ அவ போனை மேல காட்டி எடுத்தா. பேரு குறிக்கையில நான் எட்டிப் பாத்தேன். எல்லாருக்கும் வந்ததாப் போட்டுட்டு, முத்தாயி பேருல வந்து கை நின்னுடுச்சு.

"அவளுக்கு வரலைன்னு போட்டுடு, அதான் நல்லது"ன்னு நான் சொன்னேன். அதையும் சொல்லணும்ல.

அவ என்னை நிமுந்து பாத்தா. கண்ணு செவந்து கெடந்துச்சு. "காலையில வந்து மண்ணு தூக்குனாங்க அத்தே. செத்த அன்னிக்கு அவங்களை வரலைன்னு என் கையால எழுதச் சொல்றீங்களா?"ன்னா. வந்ததாவே போட்டா. ஏத்திட்டா.

மாசி மாசம் தணிக்கைக்கு ஆளு வந்தாங்க. நர்மதான்னு ஒரு பொண்ணு, கூட ரெண்டு பேரு. ஒரு வாரம் ஊருல தங்கி, வூடு வூடாப் போயி நூறு நாள் வேலை அட்டையைப் பாத்து விசாரிச்சாங்க. மணிமாறன் வூட்டுல, அம்மா எப்ப எறந்தாங்கன்னு கேட்டிருக்காங்க. அவன் தேதி, நேரம் எல்லாம் சொல்லியிருக்கான். அந்தப் பொண்ணு போயி கம்ப்யூட்டர்ல பாத்திருக்கு. பன்னெண்டே முக்காலுக்கு செத்தவ, ரெண்டரை மணிக்கு ஏரியில நின்னு சிரிக்கிறா.

வாரக் கடைசியில கூட்டம். ஊராட்சி ஆபீஸ் முன்னால சாமியானா போட்டு ஊரு முழுக்க ஒக்காந்திருந்துச்சு. நர்மதா மைக்கைப் புடிச்சு ஒவ்வொண்ணா படிச்சிக்கிட்டு வந்து, இதுல நிறுத்துனா. அந்தப் போட்டோவைப் பெருசா பேப்பர்ல எடுத்து வச்சிருந்தா. தூக்கிக் காட்டுனா. நாங்க எல்லாரும் அதுல நிக்கிறோம். இடது ஓரத்துல முத்தாயி.

மணிமாறன் எழுந்துட்டான். "எங்கம்மா பொணமா கெடக்கையில அதை வச்சுப் பொய்க்கணக்கு எழுதுனாளா இவ? தலைமாட்டுல ஒக்காந்து அழுதாளே, அதுவும் நடிப்பா?"ன்னு கத்துறான். அவனை நாலு பேரு புடிச்சு ஒக்கார வச்சாங்க. அஜித்குமார் அன்னிக்கு ஊருல இல்ல. இருந்திருந்தா வெட்டுக்குத்து ஆயிருக்கும்.

கிளார்க்கு எழுந்து, "எனக்கு இதுல எதுவும் தெரியாதுங்க மேடம். போட்டோ எடுக்குறது பொறுப்பாளர் பொறுப்பு"ன்னுட்டு ஒக்காந்துட்டான். அவன் வாயில புழு வைக்க.

சுகன்யா எழுந்து மைக்கை வாங்குனா. பேச்சு தெளிவா வந்துச்சு. "மேடம், அன்னிக்கு சாவுங்க. யாரும் ஏரிக்குத் திரும்பிப் போவ முடியல. எல்லாரும் காலையில வேலை பாத்தவங்கதான். முத்தாயி அத்தையும் பாத்தாங்க. நாள் போயிடக் கூடாதுன்னுதான் பண்ணுனேன். எல்லாரும் இங்கதான் இருக்காங்க, கேளுங்க."

நர்மதா எங்க பக்கம் திரும்புனா. "அப்படித்தானா? யாராவது சொல்லணுமா? ஆனா ஒண்ணு, தெரிஞ்சே கூட இருந்து செஞ்சவங்க அட்டையும் ரத்தாகும். அதையும் சொல்லிடுறேன்."

அட்டை ரத்துன்னதும் அத்தனை பேரும் தலையைக் குனிஞ்சாளுவ. அவ கையைப் புடிச்சு கெஞ்சுனவளுவ எல்லாம் புடவை நூலை எண்ணிக்கிட்டு இருந்தாளுவ.

"சரி, இது யாரு வெரல்?"னு நர்மதா கேட்டா.

அப்பதான் நானும் பாத்தேன். போட்டோ ஓரத்துல, கீழ, போனைப் புடிச்ச ஒரு கட்டை வெரல். நகம் கருப்பா கெடக்குது. ஆடி மாசம் சுக்காங்கல்லுல மம்புட்டி தெறிச்சு என் வெரல்ல பட்டு, நகம் கறுத்துப் போயி ரொம்ப நாளு அப்படியே இருந்துச்சு. ஊருக்கே தெரியும். பக்கத்துல ஒக்காந்திருந்தவ என் கையைப் பாத்தா. நான் வெரலை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

"போனை யாரோ புடிச்சிருக்காங்க. யாரு?"

சுகன்யா என்னைப் பாத்தா. கூட்டத்துல நேரா என்னைத்தான். கோவமாப் பாக்கல. நான் எழுந்துருவேன்னு காத்துக்கிட்டு இருந்தா. எழுந்துருக்கணும். எம் போன் இடுப்புல இருந்துச்சு, அந்தப் போட்டோ அதுல இருந்துச்சு. எடுத்துக் காட்டி, "நான்தான் சொன்னேன், கிளார்க்கும் போன்ல சொன்னான், நான் காதால கேட்டேன்"னு சொன்னா முடிஞ்சுது. நான் ஒக்காந்தே இருந்தேன். அட்டை போயிடும்னு பயம் ஒரு பக்கம். இன்னொண்ணும் இருந்துச்சு. மறைக்க மாட்டேன். எந்நேரமும் என் வாசல்ல நிக்கிற சோப்புத் தண்ணி ஞாபகம் வந்துச்சு. படட்டுமே கொஞ்சம்னு மனசு சொல்லுச்சு. தூ, அந்த மனசுக்கு நெருப்பு வைக்க!

எம்புட்டு நேரம் காத்திருந்தாளோ. அப்புறம் நர்மதா பக்கம் திரும்பி, "என் வெரல்தாங்க மேடம். ஒரு கையால புடிச்சு, ஒரு கையால எடுத்தேன்"னா.

அவ வெரலு சுத்தமா இருந்துச்சு. எல்லாரும் பாக்குற மாதிரி மைக்கைப் புடிச்சுக்கிட்டுதான் நின்னா. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

பொறுப்பாளர் வேலையிலேருந்து நீக்கிட்டாங்க. அன்னிக்கு நாப்பது பேரு வாங்குன கூலியையும் அவதான் திருப்பிக் கட்டணும்னு எழுதுனாங்க. அஜித்குமார் லாரி ஓனருகிட்ட அட்வான்ஸ் வாங்கி வந்து கட்டுனான். அதுல என் கூலியும் உண்டு. நான் அதை எப்பவோ செலவு பண்ணிட்டேன். அங்கன்வாடி மனுவுக்கு கிளார்க்கு ஒரு வரி எழுதித் தரல. பேருல புகாரு இருக்குற ஆளுக்கு எப்படித் தரதுன்னு கேட்டானாம். அந்த நாற்காலி அதோட போச்சு. ஏன் அவ என் பேரைச் சொல்லலைன்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல. கேக்க மூஞ்சி இல்ல.

பொறுப்பாளர் வேலைக்கு அப்புறம் ஒருத்தியும் வரல. எவ வருவா? பத்து நாளு வேலையே நடக்கல. அப்ப கிளார்க்கு என் வூட்டு வாசல்ல பைக்கை நிறுத்துனான்.

"ஏம்மா பெரியம்மா, நீ எட்டாப்பு படிச்சிருக்கல்ல? தெனம் போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தியாமே. உனக்கு இது கஷ்டமா? நீயே பொறுப்பைப் பாரேன்."

"கூலி?"ன்னேன்.

"எல்லாருக்கும் என்னவோ அதான்."

போடான்னு சொல்லியிருக்கணும். ஆனா வேலை நடக்கலைன்னா எனக்கும் கஞ்சி இல்ல. எல்லாப் பொம்பளைங்களும் என் வாசல்ல வந்து நின்னாளுவ. "நீ பாரு பெரியம்மா, உனக்கு ஒண்ணுன்னா நாங்க இல்லையா?"ன்னாளுவ. அதே வாயி, அதே வார்த்தை. ஒத்துக்கிட்டேன்.

மொத நாளு காலையில கயிறைப் புடிச்சு அளந்தேன். சுகன்யா வந்தா. பழைய சட்டை, தலையில துண்டு, மம்புட்டி. வரிசையில அவளுக்கு சுக்காங்கல்லு வந்துச்சு. மாத்தித் தரேன்னு சொன்னேன். "வரிசையா வருதுங்க அத்தே, பரவால்ல"ன்னுட்டு வெட்ட ஆரம்பிச்சுட்டா.

போட்டோவுக்கு எல்லாரையும் நிக்கச் சொன்னேன். இடது ஓரம் வெறுமையா கெடந்துச்சு, எவளும் நிக்க மாட்டேங்குறா. சுகன்யா போயி அங்க நின்னா. நான் போனைத் தூக்குனேன். எடுத்தேன். ஏத்துனேன்.

அவ வரிசையிலேருந்து நேரா எங்கிட்ட வந்தா. சட்டைப் பையிலேருந்து அவ போனை எடுத்து நீட்டுனா.

"அத்தே, என் போன்லயும் ஒண்ணு எடுங்க."

"எதுக்குடி?"ன்னேன். வாயிலேருந்து வந்தப்புறம்தான் எனக்கே ஒறைச்சுது.

"எதுக்கும் இருக்கட்டும்"னா.

நாப்பது பேரும் பாத்துக்கிட்டு நிக்கிறாளுவ. நான் போனை வாங்கிக்கிட்டேன். அவ திரும்பிப் போயி ஓரத்துல நின்னா. அவ எடத்துல நிக்கிற வரைக்கும் காத்திருந்து, எடுத்துக் குடுத்தேன். ரெண்டு மணிக்கும் வந்து நீட்டுனா.